நூற்று நான்கு மல்டிப்ளையர்கள்

கேள்வி கேட்கத் தெரிந்தவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. யாரைக் கேட்கிறோம் என்று பார்க்கும் பழக்கம் மட்டும் இல்லை.

2009. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையோரம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர் நான். எங்கள் துறையில் மேற்படிப்பு தொடங்க அனுமதி தருவதற்கு ஆய்வுக்குழு வருவதாக இருந்தது. அனுமதி கிடைத்தால் என் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் மே மாதத்தோடு வீட்டுக்கு. துறைத்தலைவர் இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, குழுவுக்குச் செய்து காட்ட ஏதாவது தயார் பண்ணுங்க என்று பொறுப்பையும் என் தலையில் கட்டினார்.

எங்கள் துறையில் சிப் பதித்த போர்டு ஒன்றே ஒன்று இருந்தது. கம்ப்யூட்டரில் வடிவமைத்ததை அந்தச் சிப்பில் ஏற்றினால் நாம் சொன்ன வேலையை அது செய்யும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வந்து சேர்ந்ததால், கம்ப்யூட்டர்களோடு சேர்த்து அதற்கும் சந்தனம், குங்குமம். வைத்தவன் ஆய்வக உதவியாளன் செல்வம், என் மாமா மகன். நல்ல கைத்திட்டம் உள்ளவன். கறுப்புச் சிப்பின் நட்டநடுவில், அதன் எண் அச்சடித்திருக்கும் இடத்தில், பொட்டு நிலா மாதிரி உட்கார்ந்தது. பூஜை முடிந்ததும் துறைத்தலைவர் போர்டைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சார், சிப் நம்பர் தெரியணும். கொஞ்சம் துடைச்சுப் பாத்தா..."

"பூஜைப் பொட்டு தம்பி. ஆய்வுக்கு ஆளுங்க வர்ற நேரத்துல அதத் துடைக்கிறதா? லிஸ்ட்ல பாத்து ஒண்ணு எடுத்துக்கங்க."

மென்பொருளில் சிப்புகளின் பெயர்ப்பட்டியல் நீளமாக இருந்தது. மேலே சிறியது, கீழே பெரியது. நான் தயங்குவதைச் செல்வம் பார்த்தான்.

"என்னா மச்சான் யோசிக்கிற? தாளாளர் காரு பெரிசு, காலேஜ் கேட்டு பெரிசு, மோதிரம் பெரிசு. சிப்பு மட்டும் சின்னதாவா வாங்கியிருப்பாரு?"

மறுக்க முடியாத வாதம். (இன்று யோசித்தாலும் எனக்கு அதில் ஓட்டை தெரியவில்லை.) பட்டியலின் கடைசிப் பெயரைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்து என் பெருமைக்குரிய ஸ்கிரிப்ட். மற்றவர்கள் மவுஸை வைத்துக்கொண்டு சிப்பின் படத்தில் கட்டம் கட்டமாக எண்ணுவார்கள். நான் ஆறு வரிக் கட்டளை எழுதினேன். எண்களைப் பெருக்கும் மல்டிப்ளையர் உன்னிடம் எத்தனை, நினைவகத் துண்டுகள் எத்தனை, வெளியே நீட்டிய கால்கள் எத்தனை. ஆறு வரிக்கு அத்தனை பெரிய உலகம் திறந்தது. வெள்ளாற்றில் மதகு தூக்கியது மாதிரி கறுப்புத் திரையில் பதில் பாய்ந்து வந்தது. மல்டிப்ளையர்: 104.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. நான் எந்தச் சிப்பின் பெயரைக் கொடுத்தேனோ அதன் சொத்தைச் சொன்னது. பீரோவுக்குள் பொட்டோடு உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்?

துறைத்தலைவரின் பாடத்தை ஒலிப்பதிவு செய்திருந்தோம். குமராட்சி மினிபஸ்ஸின் ஏர்ஹாரன் அதில் பாதியை விழுங்கியிருந்தது. ஹாரனை மட்டும் உருவியெடுத்து எறிவதுதான் என் வடிவமைப்பு. அதற்காக ஒரே நேரத்தில் அறுபத்து நான்கு மல்டிப்ளையர்கள் வேலை செய்யும். மீதம் நாற்பது. அந்த நாற்பதை என்ன செய்வது என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பார்த்தவரிடமெல்லாம் நூற்று நான்கைச் சொன்னேன். அம்மாவிடமும் சொன்னேன்.

"நூத்திநாலா? ஒருத்தனுக்கு எதுக்குடா அத்தன?" என்றாள்.

ஆய்வு நாள். குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் இளநீரிலும் நூலகத்திலும் கரைந்துவிட, ஒல்லியான பேராசிரியை ஒருவர் மட்டும் ஆய்வகத்துக்கு வந்தார். அன்றைக்குத்தான் பீரோ திறந்தது. ஒலிபெருக்கியில் துறைத்தலைவரின் குரலும் அதன் மேல் ஹாரனும் அலறின.

"இப்பப் பாருங்க மேடம், ஹாரன் மட்டும் போயிடும்" என்றார் துறைத்தலைவர்.

பொத்தானை அழுத்தினேன். திரையில் சிவப்பு வரி: இணைத்திருக்கும் சிப் வேறு, இது தயாரானது வேறு சிப்புக்கு. மறுபடி அழுத்தினேன். மூன்றாம் முறையும் அழுத்தினேன். (மனம் மாறினாலும் மாறும்.)

"மச்சான், ஒயரப் புடுங்கிச் சொருகு" என்று செல்வம் காதோரம் சொன்னான்.

பிடுங்கினேன். ஹாரன் நின்றது.

"போயிடுச்சு பாத்தீங்களா" என்று துறைத்தலைவர் பூரித்தார். அவர் குரலும் போயிருந்தது. நான் பிடுங்கியது ஒலிபெருக்கியின் ஒயர்.

பேராசிரியை திரையைப் படித்தார். பிறகு போர்டைப் பார்த்தார்.

"எந்த சிப்பு தம்பி இது?"

"பெரிசு மேடம்."

"பெரிசுன்னா?"

நான் பொட்டைக் காட்டினேன்.

"ஆயுத பூஜைங்க மேடம்" என்றார் துறைத்தலைவர், பிடிபட்டவர் போல.

பேராசிரியை அதட்டவில்லை. விரல் நுனியால் குங்குமத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு கைக்குட்டையை நனைத்து மீதியை மெதுவாக ஒற்றியெடுத்தார். துறைத்தலைவர் கண்களை மூடிக்கொண்டார்.

"இது இந்த வரிசையிலயே ரொம்பச் சின்னதாச்சே. ஸ்கிரிப்ட் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. பேர மட்டும் மாத்திட்டு மறுபடி கேளுங்க."

மாற்றினேன். கேட்டேன். மல்டிப்ளையர்: 4.

அந்த நேரம் பார்த்துச் சாலையில் நிஜ மினிபஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாராலும் அதை நிறுத்த முடியவில்லை.

"அறுபத்து நாலு பேர சாப்பிடக் கூப்பிட்டுட்டீங்க, எலை நாலுதான் இருக்கு. என்ன பண்ணுவீங்க?"

விடை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாயோ வேறொன்றைச் சொன்னது. "நாப்பது மிச்சம் வெச்சிருந்தேன் மேடம்."

"எங்க வெச்சிருந்தீங்க?"

நான் பீரோவைப் பார்த்தேன். செல்வம் சுவரைப் பார்த்தான்.

"பதினாறு பந்தியா உக்கார வெக்கலாமே தம்பி" என்று சொல்லிவிட்டு, நெற்றியில் எங்கள் குங்குமத்தோடு அவர் படியிறங்கிப் போனார்.

மேற்படிப்பு வரவில்லை. மே மாதம் சரியான நேரத்துக்கு வந்தது. ஜூனில் கடலூரில் ஒரு பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். அங்கே முதல் வேலையாக நான்கே மல்டிப்ளையரைப் பதினாறு முறை மாற்றி மாற்றி வேலை வாங்கி ஹாரனைத் துரத்தினேன். ஒரே ஒரு குறை: பார்க்க யாரும் வரவில்லை.

செல்வம் சும்மா இருப்பானா? சேத்தியாத்தோப்பில் ஒரு காதுகுத்தில், மொத்தப் பந்திக்கும் கேட்கிற மாதிரி கணக்கை விளக்கினான். "நூத்திநாலுன்னான், நாலுதான் இருந்துச்சு. இனிமே இவன் என்னா சொன்னாலும் இருபத்தாறால வகுத்துக்கங்க."

அன்றிலிருந்து வகுக்கிறார்கள். என் கவிதைக் கூட்டத்துக்கு ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள் என்றால், "ரெண்டு பேரா, பாவம்" என்கிறாள் மனைவி. போன மாதம் என் கவிதைப் புத்தகம் ஐந்நூற்று இருபது பிரதிகள் போயிருக்கிறது என்று சாப்பாட்டு வேளையில் மெல்ல எடுத்துவிட்டேன். மகள் தட்டிலிருந்து தலை தூக்காமல், "இருபது" என்றாள்.

கோபித்துக்கொண்டு எழுந்து போனேன். பதிப்பாளர் சொன்னது பத்தொன்பது.