லிவர்பூல் அண்ணாச்சியின் தலையணைகள்

வண்ணார்பேட்டையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதைத் தீர்மானித்தவர் லிவர்பூல் அண்ணாச்சிதான். மிகையில்லை.

பருத்தித் தரகர். அவருடைய சொந்தப் பெயரை ஊர் மறந்துவிட்டது, மனைவியோ சொல்லமாட்டாள். தூத்துக்குடியைத் தாண்டிப் போனதில்லை. ஆனாலும் நம் பருத்திக்கு விலை வைப்பது சீமையிலுள்ள லிவர்பூல் சந்தை என்பதால், அந்த ஊரைத் தன் சம்பந்தியைப் போலப் பேசுவார். நான் அப்போது தந்தியாபீஸ் குமாஸ்தா. காலையில் சன்னலில் அவர் முகம் தெரியும்.

“என்ன வே, லிவர்பூல் என்ன சொல்லுதான்?”

விலை ஏறியிருந்தால் அவர் துண்டு தோளில் கிடக்கும். இறங்கியிருந்தால் கக்கத்துக்குப் போய்விடும். எதிரே காப்பி கிளப் அய்யர் இதையே பார்த்துக்கொண்டிருப்பார். துண்டு கக்கத்துக்குப் போனதும் பாலில் பாதியைத் திருப்பி அனுப்புவார். பால்காரர் தீவனத்தைக் குறைப்பார். சீமையில் விலை இறங்கியது சாயங்காலத்துக்குள் எருமைக்கும் தெரிந்துவிடும். ஒருமுறை முகம் துடைத்த துண்டை அண்ணாச்சி மறதியாகக் கக்கத்தில் வைத்துவிட்டார். அன்று தெருவில் பாதிப் பேருக்குக் காப்பி இல்லை.

பிறகு ஜெர்மன் சண்டை வந்தது. லிவர்பூலிலிருந்து விலையே வரவில்லை. கப்பல் நின்றது, தூத்துக்குடியில் பொதிகள் தேங்கின, கம்பெனிகள் வாங்குவதை நிறுத்தின. பஞ்சையும் விதையையும் பிரிக்கும் ஆலையைப் பூட்டிவிட்டார்கள். வேலை போன பெண்கள் அதன் வாசலிலேயே நின்றார்கள். மானூர்ப் பக்கத்தில் பருத்தி விதைக்கும் சம்சாரி சுடலைமுத்து, வண்டி நிறையப் பருத்தியோடு தந்தியாபீஸ் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

“நல்லாத்தானே வெளஞ்சிருக்கு. ஏன் அண்ணாச்சி எல்லாரும் வேண்டாங்காவ?”

அண்ணாச்சி வண்டியருகே போனார். வண்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி பருத்தி எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

“பருத்தி அப்படியேதான் இருக்கு, வே. துட்டுதான் பயந்துபோய் எங்கனயோ ஒளிஞ்சுக்கிட்டு. வண்டியை என் வீட்டுக்குப் பத்தும்.”

முக்கூடலில் தன் வயலில் விளைந்த நெல்லை அளந்து கொடுத்துப் பருத்தியை வாங்கினார். அடுத்தடுத்து வந்த வண்டிகளுக்கும் அதே நெல்தான். ஆலைப் பெண்களைக் கூப்பிட்டுத் தலையணை தைக்க உட்காரவைத்தார், கூலியும் நெல். விதையைக் கையால் எடுக்கவேண்டியிருந்தது. பேச்சு சுவாரசியத்தில் பாதி விதை உள்ளேயே தங்கிவிட்டது. அந்தத் தலையணைகளைத்தான் வீடு வீடாகப் போய் எல்லோர் தலையிலும் கட்டினார்.

“விடிய விடிய காதுல குத்தறது, அண்ணாச்சி” என்று முறையிட்டார் அய்யர்.

“குத்தட்டும், சாமி. நாலு வீட்டுல உலை கொதிக்குதுன்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கும்.”

சண்டை நீள நீளப் பஞ்சு விலை மளமளவென்று ஏறியது. இருப்பு வைத்திருந்தவர்கள் கொழித்தார்கள். அண்ணாச்சியின் பஞ்சோ ஊரார் தலைகளுக்கு அடியில் கிடந்தது. அவர் வருந்தவில்லை என்று சொன்னால் பொய். ஒருநாள் முழுக்கப் புலம்பினார். மறுநாள் காலையில் சன்னலுக்கு வந்துவிட்டார்.

அவர் போய் வெகுகாலமாகிறது. என் தலையணையில், வலது காதுப் பக்கம், ஒரு விதை இன்னும் இருக்கிறது. தையலைப் பிரித்து எடுத்துவிடலாமே என்கிறாள் மனைவி. இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.