ஒட்டும் இனம்

மனித அறிவு உச்சியைத் தொட்ட இடங்களை எண்ணினால், ஹங்கேரியின் பலாத்தான் ஏரிக்கரையில் பிரோஷ்கா நடத்தும் ஒயின் கடையின் பின்முற்றத்தை விட்டுவிட முடியாது. தலைநகரிலிருந்து வந்த ஐவர் கொண்ட 'காட்டுத் திராட்சை வகைப்படுத்தல் குழு' தொடர்ந்து ஆறு வாரம் கூடிய புண்ணியத் தலம் அது.

அமெரிக்காவிலிருந்து எப்போதோ வந்து சேர்ந்த அந்தக் கொடியில் இரண்டு இனம். பற்றுக்கம்பியின் நுனியில் பசைவட்டு இருந்து சுவரில் ஒட்டிக்கொண்டால் நல்ல இனம், இருந்துவிட்டுப் போகலாம். வட்டு இல்லாமல் சுற்றிக்கொண்டால் 'ஆக்கிரமிப்பு' இனம், வெட்ட வேண்டும் என்பது அரசு விதி. பிரோஷ்காவின் முற்றத்துக்கு இருந்த நிழலெல்லாம் அந்த ஒற்றைக் கொடிதான். அது போனால் கோடையில் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள். கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் அறிஞர்கள் அப்படி அற்பமாக நடந்துகொள்வார்களா? முதல் கூட்டத்தில் 'ஏணி' என்றால் என்ன என்று வரையறுத்தார்கள். இரண்டாவதில், யார் ஏறுவது என்று முடிவு செய்யத் துணைக்குழு அமைத்தார்கள். மூன்றாவதில் துணைக்குழுவைப் பாராட்டினார்கள். நிழல் குளுகுளுவென்று இருந்தது. சோடா கலந்த வெள்ளை ஒயினும் எண்ணெயில் பொரித்த லாங்கோஷ் ரொட்டியும் சுடச்சுட வந்துகொண்டே இருந்தன. கடைக்காரி பயந்த சுபாவம், காசு கேட்கவில்லை. அறிவியலுக்கு வேறென்ன வேண்டும்?

ஆறாவது கூட்டத்தில் பிரோஷ்கா பொறுமை இழந்தாள்.

"தலைவரே, திங்கக்கிழமை நகராட்சியிலேர்ந்து வெட்டுறதுக்கு ஆள் வராங்க. இன்னிக்காவது ஒரு முடிவு சொல்லுங்க."

தலைவர் லோராந்த் கருணையே உருவானவர். "அறிவியலை அவசரப்படுத்தக் கூடாதும்மா. 'உரிமையாளர் நேரில் கண்டது'ன்னு படிவத்துல ஒரு பத்தி இருக்கு. அதை வேணா நீங்களே எழுதிக் குடுங்க."

அவள் விறுவிறுவென்று எழுதிக் கொடுத்தாள். தலைவர் கண்ணாடி போடாமலேயே மேலோட்டமாகப் பார்த்தார். 'ஒட்டிக்கொண்டது' என்ற சொல் கண்ணில் பட்டது. நல்ல இனம், வெட்டக் கூடாது என்று தீர்ப்பானது. ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்கள். பிரோஷ்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதன் பிறகுதான், கோப்பில் சேர்ப்பதற்காக, செயலாளர் ஏதோன் அதை வாய்விட்டுப் படித்தார்.

"வெளியூரிலிருந்து வந்தது. ஆறு வாரமாக நகரவில்லை. உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டது. இழுத்தாலும் வராது. ஒயின் ஊற்ற ஊற்றச் செழிக்கிறது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, கொடி எங்கயாவது ஒயின் குடிக்குமா?"

பிரோஷ்கா காலிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"கொடியைப் பத்தி நான் எங்கய்யா எழுதினேன்?"