கொட்டாம்பாறை விமான நிலையம்

கல்வராயன் மலையில், கரியாலூருக்கு எதிர்மலையில் கொட்டாம்பாறை என்றொரு ஊர் உண்டு. நடுவில் பெரும் பள்ளம், அதில் ஓர் ஓடை. ரோட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் அரைநாள் போய்விடும். அதனால் மாயவன் மகள் ரம்யா தினமும் பள்ளத்தில் இறங்கி ஏறித்தான் கரியாலூரில் பதினொன்றாம் வகுப்பு படித்தாள். போன ஐப்பசியில் ஓடை அவளை இழுத்துப் பார்த்தது. “பஸ் வரட்டும், இல்ல படிப்ப நிறுத்து” என்று அவள் அம்மா சொல்லிவிட்டாள்.

மாயவன் பஸ் கேட்டுக் கள்ளக்குறிச்சிக்குப் போனார்.

அங்கே தூர நிர்ணய அலுவலர் என்ற மேன்மைதங்கிய பதவியில் அறிவுச்செல்வன் இருந்தார். எந்த ஊருக்குப் பஸ் விடுவதானாலும் அவர்தான் தூரம் குறித்துத் தர வேண்டும். சமீபத்தில் அரசு செலவில் ஜெர்மனி போய் வந்தவர். வந்ததிலிருந்து அவருக்கு எல்லாமே பறக்கும் நேரம்தான். அவர் டீ குடிக்கப் போனால் ‘டேக் ஆஃப்’ ஆகிவிட்டார் என்று அலுவலகமே சொல்லும்.

“பெரியவரே, சென்னையிலேர்ந்து ஜெர்மனி ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். பத்து மணி நேரத்துல போயிட்டேன். உங்களால ஒரு பள்ளத்தைத் தாண்ட முடியலையா?”

“நீங்க பறந்து போனீங்க சார். நாங்க நடந்துகினு இருக்கறோம்.”

“அது உங்க தனிப்பட்ட விருப்பம்.”

ஜெர்மனியைப் பார்த்துவிட்டு வந்து அவர் வாங்கிய கம்ப்யூட்டர், ஓர் ஏர்போர்ட்டிலிருந்து இன்னோர் ஏர்போர்ட்டுக்குத்தான் தூரம் காட்டும். ஆகவே கரியாலூரும் கொட்டாம்பாறையும் அங்கேயே, அப்போதே விமான நிலையங்களாகப் பதிவு செய்யப்பட்டன. பறக்கும் நேரம் ஒன்பது விநாடி என்று வந்தது.

“ஒம்போது விநாடிக்கு எவனாவது பஸ் விடுவானா? போய்ட்டு வாங்க.”

அடுத்த வாரம் அதிகாரிகள் ஜீப்பில் மலையேறி வந்தார்கள். விமான நிலையம் என்று குறிக்கப்பட்டது மாயவனின் சாமைக் காடு. ஓரத்தில் நின்ற பலாமரம் விமானத்துக்கு இடைஞ்சலாம்.

“பிளேன் எப்ப சார் வரும்?”

“மரத்த வெட்டாம எப்படி வரும்?”

“வராத பிளேனுக்கு மரம் இன்னா சார் பண்ணுச்சு?”

“அத மேல கேளுங்க.”

மரம் விழுந்தது. மாயவன் விடவில்லை. மேல, அதற்கும் மேல என்று ஏறி இறங்கி நியாயம் கேட்டார். கடைசியில் தொல்லை தாங்காமல் ஒரு மேலதிகாரி பஸ்ஸுக்கு உத்தரவு போட்டார். ஊரார் சம்மதித்தால் போதும்.

ஊர்க்கூட்டத்தில் தலைவர் கந்தசாமி எழுந்தார். “ஏர்போர்ட் ஊருக்கு டவுன் பஸ்ஸா? கரியாலூர்க்காரன் காறித் துப்புவான். பஸ் வந்தா ஏர்போர்ட்டைக் கேன்சல் பண்ணிடுவாங்களாம்.”

“அப்ப எம்பொண்ணு?” என்று கத்தினார் மாயவன்.

“யோவ், சங்கராபுரத்துலேர்ந்து உம்பொண்ணக் கேட்டு கார் போட்டுகினு வந்தாங்களே, எதுக்கு வந்தாங்க? உன் சாமைக்கா? ஏர்போர்ட்டு உன்னுதுன்னுதான்யா!” என்றார் தலைவர்.

மாயவன் உட்கார்ந்துவிட்டார். பஸ் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் எழுந்தது. கொஞ்சம் தாமதமாக, காதைச் சொறிவதுபோலப் போய், மாயவன் கையும் எழுந்தது.

அந்த நேரத்தில் பள்ளிக்கூடம் விட்டு வந்த ரம்யா பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஓடைத் தண்ணீர் வடியட்டும் என்று மழையில் நின்றிருந்தாள். கூட நின்றவர்கள், ஏர்போர்ட்டுக்காரர் மகளாயிற்றே என்று, மரியாதையாக அவளை முதலில் இறங்கச் சொன்னார்கள்.