என் செருப்பில் யார் போனது?

பிள்ளைப்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு மணி.

சாயர்புரத்தில் இருக்கும் அன்புமிக்க ஜீவானந்தம் அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் ஏசுவடியான் கர்த்தருடைய கிருபையால் நலமாக இருந்து எழுதுவது. நலம் என்று எழுதிவிட்டேன், மீதியைப் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். அக்காளின் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நீங்கள் போனில் சொன்ன அன்றே அவள் பெயரை என் பச்சை நோட்டில் எழுதி, ஒரு நாள் தவறாமல் ஜெபித்துவருகிறேன். நேரில் வந்து பார்க்கத்தான் தோதுப்படவில்லை.

பச்சை நோட்டு உங்களுக்குத் தெரியும். மறைமலை நகர் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நாள் முதல் நம் சபை ஜெபக்குழுவுக்கு நான்தான் செயலாளர். யார் என்ன கஷ்டம் சொன்னாலும் "ஜெபிக்கிறேன்" என்பேன், பெயரை நோட்டில் ஏற்றுவேன், நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடுவேன். பதினோரு வருஷத்தில் யாரும் குறை சொன்னதில்லை, வாயாடும் என் வீட்டுக்காரி அமலாவைத் தவிர.

இப்போது நடப்பதைக் கேளுங்கள். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருக்கும் அப்பாவு, காற்றில் கூரை ஷீட்டு பறந்துவிட்டது என்று அழுதார். வழக்கம்போல ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார், இந்த வயசுல ஏணி மேல ஏறிகினு ஷீட்டு புடிச்சீங்களே, ஒடம்பு வலி இல்லியே?" என்கிறார். அத்தான், மின்விசிறி துடைக்கக்கூட நான் ஸ்டூலில் ஏறினவன் இல்லை. வெயில் மண்டையில் ஏறி ஆளை மாற்றிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சும்மா வருகிற பாராட்டை வேண்டாம் என்பானேன் என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அந்த வாரமே ஷெர்லின் வந்தாள். நம் குமரி மாவட்டப் பிள்ளை, போன் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் காய்ச்சலோடு கிடந்தவள். அவளுக்கும் நோட்டில் பெயர் ஏற்றியதோடு சரி. வாசலில் நின்றுகொண்டு ஒரு தூக்குவாளியை நீட்டி, "கஞ்சி நல்லா இருந்துச்சு அங்கிள், கழுவிக் கொண்டாந்துருக்கேன். மூணு நாளும் வந்தீங்க, ஒரு வார்த்தை பேசலியே, ஜெபங்கூடப் பண்ணலியே, அதான் அதிசயமா இருந்துச்சு" என்றாள். வாளியின் அடியில் எங்கள் கல்யாணத் தேதி வெட்டியிருக்கிறது. அமலா வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் கஞ்சியே வைக்கலியே! நீங்க இந்த மூணு நாளும் நாக்காலிய விட்டு எந்திரிக்கவும் இல்லியே!" என்றாள். வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்துப் புரட்டினேன். மழையே இல்லாத மாதத்தில் அடியில் ஈரச் சேறு. நோட்டைத் திறந்தால் அப்பாவு, ஷெர்லின் இரண்டு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக். ஸ்டோரில் சரக்கு போய்ச் சேர்ந்ததும் நான் போடுவேனே, வால் நீண்ட டிக், அதேதான். நான் போடவில்லை அத்தான், சத்தியமாக நான் போடவில்லை.

பயமாக இருந்தது. ஆனாலும் ஊரெல்லாம் என்னைக் கும்பிட்டதில் கொஞ்சம் குளிர்ந்தும் போனேன், அதையும் மறைப்பானேன். பிறகுதான் வந்தது வினை. டீக்கடையில் நாலு தரம் கூப்பிட்டும் அப்பாவு திரும்பவில்லை. எப்போதும் என்னைக் கண்டால் குரைத்துத் தீர்க்கும் தெருமுனை நாய், என் காலடியிலேயே படுத்துத் தூங்குகிறது. போன ஞாயிறு ஆராதனையில் அரைமணி நேரம் எழுந்து நின்று ஜெபம் ஏறெடுத்தேன். முடித்து உட்கார்ந்ததும் எங்கள் போதகர் ஐயர், "ஏசுவடியான் இன்னைக்கு வரலியா?" என்று கேட்கிறார். போகப் போக நான் குறைந்துகொண்டே வருகிறேன் அத்தான். முழுக்க இல்லாமல் போவதற்குள் ஒரு காரியத்தையாவது நானே போய்ச் செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நேற்று அதற்கு வாய்ப்பும் வந்தது. பக்கத்து வீட்டுக் கோதண்டம், ஒரகடத்தில் காண்ட்ராக்ட் ஆள், எனக்கு முன்னால் நின்று என் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்துப் பேசினார். "சார், என் பொஞ்சாதி செங்கமலத்துக்கு நாளைக்கு ஆப்பரேசன். லீவு போட்டா வேலயில்லன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டான். பகல்ல ஒரு ஆளு கூட இருந்தா போதும் சார்." வருகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பழக்க தோஷம், "கட்டாயம் ஜெபிக்கிறேன்" என்று வந்துவிட்டது. கோதண்டத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "அது போதும் சார். நீங்க ஜெபிக்கிறேன்னா வந்துருவீங்கன்னு ஊருக்கே தெரியுமே!" என்றார்.

இன்று காலை ஏழு மணிக்கே குளித்துச் சட்டை மாட்டிவிட்டேன். அமலா சாப்பாட்டு கேரியரைக் கட்டி வைத்தாள். இவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிறோமே, ஒரு நிமிடம் ஜெபித்துவிட்டுப் புறப்படலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தால் மணி பதினொன்று. கேரியர் இல்லை, செருப்பு இல்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். தெருக்கோடியில் என் வழுக்கை, என் கோடுபோட்ட சட்டை, என் சாய்ந்த நடை. கையில் கேரியர். அது ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தது. கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பாவம் என்று பார்த்தது அத்தான். அமலா வாசலில் நின்று, "பாத்துப் போங்க, பஸ் கூட்டமா இருக்கும்" என்று கையசைத்தாள். எனக்கு அவள் அப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆயிற்று! "ஏளா அமலா" என்று கத்தினேன். உள்ளே வந்தவள் துணியை எடுத்து நாற்காலியைத் துடைத்தாள். அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. இந்தக் கடிதத்தை என் கையாலேயே தபாலில் போட்டுவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், அதை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் நான் உட்காரப்போகிறேன். அக்காளுக்கும் உங்களுக்கும் சமாதானமும் சுகமும் பெருகுவதாக. புறப்படுவதற்கு முன் ஒரே ஒரு நிமிடம் ஜெபம் செய்துகொள்கிறேன்.

உங்கள் அன்பு மைத்துனன்,
ஏசுவடியான்.

பின்குறிப்பு (வியாழக்கிழமை): அத்தான், கையெழுத்து ஒன்றாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள். ஒரு நிமிடம் என்றவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. செங்கமலம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார், கோதண்டத்தின் வேலைக்கும் பழுதில்லை. கடிதத்தை நான் தபாலில் சேர்க்கிறேன். நாளைக் காலை சாயர்புரத்துக்குப் பஸ் ஏறுகிறேன், அக்காளை டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும். வாசல் கதவைத் திறந்து வையுங்கள். நாற்காலியில் இருப்பவருக்காக ஜெபிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் செருப்பையும் ஒருதரம் புரட்டி, அடியில் சேறு இருக்கிறதா என்று பாருங்கள்.