மயில்கழுத்துத் தண்ணீர்

புதன்கிழமை மாலை அந்த ஒற்றை அறை வீட்டில் இருந்தவர்கள்: ஆரோக்கியநாதன், அவன் மனைவி கிருபாராணி, பக்கத்து வீட்டு வெங்கடம்மா, கெலமங்கலத்திலிருந்து வந்திருந்த அவளுடைய உறவினர்கள் ஆறு பேர், பால்காரர் ராமப்பன், எரிந்துகொண்டிருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ், கண்ணாடித் தொட்டிக்குள் இரண்டு மீன்கள். மார்கழி. ஓசூர்க் குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"பசிக்குதுப்பா அதுங்களுக்கு" என்றாள் வெங்கடம்மா.

"பசியில்லக்கா. பி.ஹெச். இறங்கிப்போச்சு."

"ரெண்டுதான இருக்குது ஸ்வாமி? கொழம்புக்குப் பத்தாதே" என்றார் ராமப்பன்.

ஆரோக்கியநாதன் சிரிக்கவில்லை. அவன் வேலையே அந்தத் தொட்டிக்குள் மிதந்துகொண்டிருந்தது.

ஃபேக்டரியில் அவன் கழிவு நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்பவன். சோதனைக் காகிதத்தைத் தண்ணீரில் நனைப்பான். அது நிறம் மாறி ஏழு என்று காட்டும்வரை ஆசிட்டோ சுண்ணாம்போ விடுவான். ஏழு வந்தால் டீ. நான்கு வருடம் இதைச் செய்தும் இன்னும் காண்ட்ராக்ட் ஆள்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் மனைவியோடு வெளியூர் கிளம்பும்போது இந்தக் கடல் மீன் தொட்டியையும், அதற்குக் காற்று ஊதும் மோட்டாரையும், மாற்றுவதற்கு நான்கு கேன் கடல் தண்ணீரையும் அவன் வீட்டுக்கு அனுப்பினார். "ஞாயித்துக்கிழமை வருவேன். மீன் உயிரோட இருந்தா உன்னைப் பெர்மனென்ட் பண்றேன்" என்று மனைவியின் முன்னால் சொன்னார்.

அன்றே காகிதம் எட்டுக்கு மேல் காட்டியது. ஆரோக்கியநாதன் தொழில் தெரிந்தவன். ஆசிட் விட்டு ஏழுக்குக் கொண்டுவந்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது மீன்கள் சாய்ந்து மிதந்தன. தொட்டியில் ஒட்டியிருந்த சீட்டை அப்போதுதான் படித்தான். தண்ணீர் 8.2-இல் இருக்க வேண்டுமாம்.

ஆப்ப சோடா போட்டான். காலையில் ஏறியது, மாலையில் இறங்கியது. மறுநாளும் போட்டான். மறுநாள் மாலையும் இறங்கியது. அந்த வரிசையில் யாரிடமும் கலர் டிவி கிடையாது. வேலை முடிந்ததும் எல்லோரும் மீன் பார்க்க வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

கிருபாராணி காகிதத்தை விளக்கடியில் பிடித்தாள். "இது கிளிப்பச்சைங்க. நமக்கு வேண்டியது மயில்கழுத்து."

"புடவைக் கடையா இது? ஏழரைன்னு சொல்லு."

"அப்படின்னா என்னப்பா கொறை?" என்று கேட்டாள் வெங்கடம்மா.

"தண்ணியில காரம் பத்தலக்கா."

வெங்கடம்மா தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் ஆரோக்கியநாதன் ஷிஃப்ட் முடிந்து வந்து, வழக்கமான கூட்டத்தை விலக்கிக்கொண்டு காகிதத்தை நனைத்தான். சிவப்பு. ஃபேக்டரியில் சிவப்பு வந்தால் ஓடவேண்டும் என்று அர்த்தம்.

"ஆசிட்! தொட்டி முழுக்க ஆசிட்! யாரு வந்தது உள்ள?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வெங்கடம்மாவின் வெற்றிலைப் பெட்டியைப் பிடுங்கி, டப்பாவிலிருந்த சுண்ணாம்பு முழுவதையும் தொட்டிக்குள் வழித்துப் போட்டான். தண்ணீர் வெளுத்தது. மீன்கள் காணாமல் போயின.

ராமப்பன் எட்டிப் பார்த்தார். "நம்ம பாலே இவ்ளோ கெட்டியா இருக்காது ஸ்வாமி."

கிருபாராணி தொட்டியின் மேல் குனிந்தாள். அடுக்கடுக்காக மூன்று தும்மல். பிறகு சிவந்த காகிதத்தை முகர்ந்தாள்.

"இது ஆசிட் இல்லீங்க. மொளகாத் தூளு."

எல்லோரும் வெங்கடம்மாவைப் பார்த்தார்கள்.

"அய்யோ தேவுடா! நீதான காரம் பத்தலன்ன? நீ வேலைக்குப் போயிட்ட, இவ கொழாயடிக்குப் போயிட்டா. அதுங்க வாயைத் தொறந்து தொறந்து கேக்குது. ரெண்டு வெரல்ல கிள்ளித்தாம்ப்பா போட்டேன்."

ஆரோக்கியநாதன் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் சொன்னது அந்தக் காரம் இல்லக்கா."

"எத்தனை காரம்ப்பா இருக்குது ஊர்ல?"

கிருபாராணி பாலுக்குள் கைவிட்டுத் துழாவி மீன்களை எடுத்து, ஒரு கேன் கடல் தண்ணீரை வாளியில் ஊற்றி அதில் விட்டாள். தொட்டியைக் கழுவினாள். மிச்சக் கேன்களை அதில் கவிழ்த்து, மீன்களை வாளித் தண்ணீரோடு உள்ளே விட்டாள். ஸ்டவ்வைத் தூக்கி வாசலில் வைத்தாள். ஜன்னலை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். பிறகு திரும்பினாள்.

"எல்லாரும் எழுந்திரிங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. நீங்களும்தாங்க. வெளிய படுங்க."

வெள்ளி மாலை மயில்கழுத்து. சனி மாலையும் மயில்கழுத்து. ஆரோக்கியநாதனால் நம்ப முடியவில்லை.

"என்ன போட்ட?"

"ஒண்ணும் போடல. ஆளுங்களைத் தொரத்தினேன். பத்து பேரு மூச்சு, ஒரு ஸ்டவ்வு, மூடின ஜன்னலு. எனக்கே முட்டுச்சு. அந்தக் காத்தைத்தான மோட்டாரு தண்ணிக்குள்ளயும் ஊதுது?"

மூச்சுக் காற்று கரைந்தால் தண்ணீர் ஆசிட் பக்கம் இறங்கும். நான்கு வருடத்தில், எதையும் ஊற்றாமல் ஒரு தண்ணீர் சரியானதை அவன் அன்றுதான் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேனேஜரும் மனைவியும் வந்தார்கள். மீன்கள் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றித் துரத்தி விளையாடின. மேனேஜர் தொட்டியையே வெகுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் ஓர் உணர்ச்சியும் இல்லை. அவருடைய மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் தங்கங்களா! ஏங்க, சொன்னீங்களே, பெர்மனென்ட்."

"நாளைக்கு ஆபீஸ்ல பார்த்துக்கலாம்."

"நாளைக்கு எதுக்கு? லெட்டர்பேடு கார்லதான இருக்கு. இப்பவே எழுதிக் குடுங்க."

அவர் பேனா மூடியை மெதுவாகத் திருகினார். எழுதினார். கையெழுத்தும் போட்டார். ஆரோக்கியநாதன் அதை வாங்கிப் படித்தான். கிருபாராணி வாங்கிப் படித்தாள். வெங்கடம்மா ஜன்னல் வழியாகக் கைதட்டினாள்.

தொட்டியைக் காரில் ஏற்றியாயிற்று. டிரைவர் பெரியதம்பி, விட்டுப்போன காற்று மோட்டாரை எடுக்கத் திரும்பி வந்தான். காரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"வேற யாருகிட்டயும் சொல்லிராதீங்கண்ணே. இந்த மீனுக்குக் கடல் தண்ணி தூக்க மாசாமாசம் மெட்ராஸ் போயி ஐயா நொந்துட்டாரு. யாருகிட்டக் குடுத்தா ரெண்டே நாள்ல சாவும்னு எங்கிட்டக் கேட்டாரு. நாந்தாண்ணே உங்க பேரைச் சொன்னேன்."

அவன் வாசலைத் தாண்டியதும் கிருபாராணி லெட்டரை முந்தானையில் முடிந்துகொண்டு, கதவைச் சாத்தி உள்பக்கம் பூட்டினாள்.