மண்டபத்துக்கு வழிவிட்ட ஆறு

மனித குலத்தின் முன்னேற்றத்தை நெருப்பு, சக்கரம், எங்கள் நகராட்சி என்று மூன்று கட்டங்களாகப் பிரிக்கலாம். முதல் இரண்டும் தற்செயலாக நடந்தவை. மூன்றாவதுக்குக் கூட்டம் போட்டார்கள்.

எங்கள் ஊரை ‘மண்டல மாநகரம்’ ஆக்க வேண்டுமானால் வரலாறு, புவியியல், பொருளாதாரம் மூன்றையும் காட்ட வேண்டும் என்று மேலிடம் கேட்டிருந்தது. அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க கூட்டத்தில் நடந்ததை, நகராட்சியில் வரைபடம் போடும் என் சித்தப்பா வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார்.

வரலாறு சுலபமாக முடிந்தது. ஏதோ ஒரு அரசர் இந்த வழியாகப் போனார் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். “தங்கினாரா?” என்று ஒரு உறுப்பினர் இழுத்தார். “நம்ம ஊர் ரோட்டுல போயிட்டு உயிரோட ஊர் திரும்பினாரே, அது போதாதா?” என்றார் தலைவர். பொருளாதாரமும் கையோடு கிடைத்தது. அதே ரோட்டில் பழுதாகும் வண்டிகளை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். அதற்கு ‘வாகனத் தொழில் மையம்’ என்று பெயர் வைத்தார்கள்.

புவியியல்தான் உதைத்தது. ஊரில் ஆறு இல்லை. தலைவருடைய விழா மண்டபத்துக்குப் பின்னால் பெரிய சாக்கடை ஒன்றுதான் ஓடியது.

“ஓடுதில்ல?” என்றார் தலைவர்.

“ஓடுதுங்க.”

“அப்புறம் என்னய்யா? நீலக் கலர்ல போடு.”

சித்தப்பா போட்டார். கைதட்டினார்கள். சாக்கடை ஆறாகி அன்றே ‘உயிர்நாடி’ பட்டமும் வாங்கியது.

மறுவாரம் மேலிடத்து ஆணை வந்தது: ஆற்றின் இரு கரையிலும் முப்பது அடிக்குள் எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது.

தலைவர் சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டார். “ஆறுன்னா வளைஞ்சு போறதுதானே அழகு?”

ஆறு மண்டபத்தை மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போனது. போன இடத்தில் பெட்ரோல் பங்க் இருந்தது. முதலாளி வந்து பேசினார், அங்கும் வளைந்தது. டாக்டர் வந்தார். இன்னொரு வளைவு. கடைசியில் மேடேறி, ஆள் அரவமற்ற ஒரு வெற்றிடத்தின் வழியே நிம்மதியாக ஓடியது.

அந்த வெற்றிடம் எங்கள் வீடு.

வீட்டு வரி கட்டாமல் தப்பிக்க, வேலையில் சேர்ந்த புதிதில் சித்தப்பா எங்கள் வீட்டைப் படத்தில் வரையாமல் விட்டிருந்தார். அந்தச் சாமர்த்தியத்தை அவரே மறந்துபோய், அந்த இடம் காலி என்று நம்பி நதியைத் திறந்துவிட்டார்.

சித்தப்பா வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்தாள். வாசலில் மேசை போட்டு இஸ்திரி போடுவதுதான் எங்கள் வருமானம்.

“ஏன் தம்பி, இடிச்சா நஷ்ட ஈடாவது தருவாங்களா?”

“வீடே இல்லியே அண்ணி, எதுக்குத் தருவாங்க?”

“இல்லாத வீட்டை எப்படி இடிப்பாங்க?”

“இடிக்கிறதா எழுதலை. தூர் வார்றதா எழுதியிருக்காங்க.”

சொன்னபடியே தூர் வாரினார்கள். கதவு, ஜன்னல், கூரைத் தகரம் எல்லாம் ஆற்று மணலாகக் கணக்கில் ஏறின. நானும் சித்தப்பாவும் மூட்டைகளோடு ‘நதி’யின் நடுவில் கால் நனையாமல் நின்றோம். எனக்கு அழுகை வந்தது. சித்தப்பாவுக்கு என்னைவிட அதிகமாக வந்தது. அம்மா அவரிடம் கேட்டாள்:

“மண்டபத்துக்குப் பின்னால இப்ப படத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லை அண்ணி.”

“இத்தனை வருஷமா ஒண்ணுமில்லாத இடத்துலதானே குடியிருந்தோம்? தூக்குங்க மூட்டையை.”

சாக்கடைக் கரையில், மண்டபச் சுவரை ஒட்டித் தகரம் போட்டோம். மறுநாளே தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“யாரைக் கேட்டும்மா இங்க வந்தீங்க? இது நீர்வழி! ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது!”

அம்மா கும்பிட்டாள். “அப்படிங்களா? ஆறு இங்கதான் ஓடுதுன்னு ஐயா உங்க கையாலயே எழுதிக் குடுத்துடுங்க. நாங்களும் காலி பண்றோம், மண்டபமும் காலி பண்ணட்டும்.”

தலைவர் சாக்கடையைப் பார்த்தார். மண்டபத்தைப் பார்த்தார். நெடுநேரம் எங்கள் இஸ்திரி மேசையையும் பார்த்தார்.

“நாற்காலி உறையெல்லாம் கசங்கிக் கிடக்கு,” என்றார். “சாயங்காலம் அனுப்பறேன்.”

அன்றிலிருந்து மண்டபத்துத் துணியெல்லாம் எங்களிடம்தான் வருகிறது. மேலிடத்து அதிகாரி பார்வையிட வந்த அன்று, எங்கள் வாசலில் நின்று மூக்கைச் சுளித்துக்கொண்டு, “இங்கே என்ன நாற்றம்?” என்று கேட்டார். தலைவர் என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

“ஒரு நாற்றமும் இல்லையே சார்,” என்றேன்.

அந்த நிமிடமே எங்கள் ஊர் மாநகரமானது.