லோரனைப் பார்த்தவர்

லோரனுக்கு அவசரமாக ஒரு சாட்சி தேவைப்பட்டது. அம்மாவோடு இந்த வீட்டில்தான் அவன் இருந்தான் என்று சொல்ல, யாராவது ஒருவர்.

அவனுடைய அம்மா எவலின் முதியோர் இல்லத்தில் இறந்துபோனாள். அங்கே ஆன செலவை மினசோட்டா அரசாங்கம் கொடுத்திருந்தது. இப்போது வீட்டை விற்று அதை எடுத்துக்கொள்ளப் போகிறது. ஒரே விலக்கு உண்டு. பெற்றவர் இல்லத்தில் சேரும் முன் இரண்டு வருடமாவது பிள்ளை கூடவே தங்கிக் கவனித்திருந்தால் வீடு பிள்ளைக்கு.

லோரன் மூன்று வருடம் கவனித்திருந்தான். மனைவி இறந்த பிறகு இங்கே வந்தவன். இரவில் வான்கோழிக்கறி ஆலையில் வேலை, பகலில் அம்மா. பழைய விலாசத்தை எங்கும் மாற்றவில்லை. யாரோடும் பேசவில்லை.

"அக்கம்பக்கத்துல ஒருத்தர் பார்த்தேன்னு சொன்னாப் போதும்," என்றாள் அரசாங்கத்துப் பெண் டானிக்கா. "வெள்ளிக்கிழமை வர்றேன்."

முதலில் எதிர்வீட்டு கோர்டியிடம் போனான்.

"எவலினுக்குப் பையனா? அந்த வீட்ல விளக்கு எரியும். திருடனை ஏமாத்த தானா எரியற விளக்குன்னு நெனச்சேன்."

"அது நான்தாங்க."

"ரொம்ப ஒழுங்கா எரியுமேப்பா."

"என்னைப் பார்த்ததா சொல்லுவீங்களா?"

"விளக்கைப் பார்த்ததா சொல்றேன். மேல பொய் சேர்க்க முடியாது. நான் லூத்தரன் சபைக்காரன்."

புகைப்படங்களைத் தேடினான். எல்லாவற்றிலும் அம்மா மட்டும் இருந்தாள். எடுத்தவன் அவன்.

அந்த ஊரில் சாவு விழுந்த வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் கேசரோல் என்னும் கறிப் பதார்த்தம் சமைத்துக் கொண்டுவருவார்கள். லோரனுக்கு ஒன்றும் வரவில்லை. அங்கே சாப்பிட ஆள் இருப்பது யாருக்கும் தெரியாது. சரி, நாமே கொண்டுபோய் அறிமுகமாவோம் என்று முடிவு செய்தான். உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் போட்டு, அம்மாவின் அலமாரியில் கிடைத்த கண்ணாடிப் பாத்திரத்தில் வேகவைத்தான். பக்கத்து வீட்டு ஆர்லிஸின் கதவைத் தட்டினான்.

ஆர்லிஸ் பாத்திரத்தை வாங்கியதும் தலைக்கு மேல் தூக்கி அடியைப் பார்த்தாள். கொடுத்த பாத்திரம் திரும்பி வர, அங்கே எல்லோரும் அடியில்தான் பெயர் எழுதி ஒட்டுவார்கள். குழம்பு அவள் செருப்பில் வழிந்தது.

"இது என் பாத்திரம்."

"அம்மா அலமாரியில இருந்துச்சுங்க."

"அலமாரி வரைக்கும் போயாச்சா?"

"நான் எவலினோட மகன்."

"மகன் இருந்தா அடக்கத்துக்கு வந்திருப்பான்."

"வந்தேன். கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தேன்."

"அது பெட்டிக்கடைக்காரன்னு நெனச்சேன். சவப்பெட்டி." அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஓ, அவனா நீ? வீட்டை அமுக்கத்தான் வந்தியா?"

கதவு சாத்திக்கொண்டது. கேசரோலும் உள்ளே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை டானிக்கா வந்தாள். கோர்டி விளக்கைப் பற்றி விரிவாகச் சொன்னான்.

"விளக்குக்கு வீட்டைக் கொடுக்க முடியாதே," என்றாள் அவள். "வேற யாராவது?"

"இல்லைங்க," என்றான் லோரன். "ரெண்டு பெட்டிதான். நாளைக்குக் காலி பண்ணிடுவேன்."

அப்போது ஆர்லிஸ் புல்தரையைக் குறுக்கே மிதித்துக்கொண்டு வந்தாள். அவனைச் சுட்டிய விரல் அவளுக்கு முன்னால் வந்தது.

"நீங்க அரசாங்கமா? இந்த ஆளை விடாதீங்க. எல்லாத்தையும் என் ஜன்னல்லேருந்து நான் பார்த்திருக்கேன்."

லோரன் உட்கார்ந்துவிட்டான். டானிக்கா பேனாவைத் திறந்தாள்.

"மெதுவா சொல்லுங்க."

"எவலின் இல்லத்துக்குப் போறவரைக்கும் மூணு வருஷமா ஷெரீஃபுக்கு ஃபோன் போட்டேன், ஒருத்தரும் காதுல வாங்கல. தினம் விடியக்காலைல கள்ளச்சாவி போட்டு உள்ள போவான், எவலினுக்குக் கஞ்சி ஊட்டுவான், தலை வாரிவிடுவான், சக்கர நாற்காலில வெயிலுக்குத் தள்ளிட்டு வருவான், அந்தப் பைத்தியக்காரியும் இவன் மூஞ்சியையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பா."